தெப்பக்குளத்தில் அலை ஏது?

இன்ஸ்பெக்டர் ஆசீர்வாதம் தாளை மேஜையில் போட்டார்.

“படிங்க டீச்சர். ஒருத்தன் இதுக்கு மேல எப்படி ஒத்துக்கிடுவான்?”

விக்டோரியா கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். மிஷன் பள்ளி ஒன்றில் தமிழாசிரியையாக இருந்தவள். பரீட்சையில் யாரைப் பார்த்து யார் எழுதினார்கள் என்று கண்டுபிடிப்பதில் பேர் எடுத்து, அந்தப் பேராலேயே நிர்வாகத்தோடு மனஸ்தாபமாகி, வேலையை விட்டுவிட்டு, சிம்மக்கல்லில் பழ மண்டி ஒன்றுக்கு மேலே துப்பறியும் ஆபீஸ் போட்டிருந்தாள். ஊருக்கு அவள் இன்னமும் டீச்சர்தான்.

அவளுக்குப் பின்னால் நின்ற கருத்தக்கண்ணன் டவுன் பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். இப்போது அவளுக்கு உதவியாளர். பஸ்ஸை விட்டு இறங்கியும் வாய் மட்டும் இறங்கவில்லை.

“சத்தமாப் படிங்க டீச்சரம்மா. கடைசி சீட்டு வரைக்கும் கேக்கணும்ல.”

யாரும் சிரிக்கவில்லை. கடைசி சீட்டில், அதாவது சுவரோரப் பெஞ்சில், சாரதாம்பாள் மட்டும் இருந்தாள். அவளுடைய மூத்த மகன் கார்த்திகேஷ் வண்டியூர் தெப்பக்குளத்தில் பிணமாக மிதந்து மூன்று வாரம் ஆகிறது. இளையவன் சாய்பிரசாத் அண்ணனைக் கொன்றவன் என்று நேற்று மாலை பிடிபட்டு இந்த ஸ்டேஷனில் இருக்கிறான். இன்று மாலைக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்திவிடுவார்கள்.

காலையில் சாரதாம்பாள் ஆபீஸ் மாடிப்படி ஏறி வந்து இதையெல்லாம் மளிகைச் சாமான் சொல்வதைப் போலச் சொன்னாள். முடித்துவிட்டு, “எனக்கு அழுகையே வர மாட்டேங்குதும்மா. அதுக்கு ஏதும் டாக்டர் இருக்காங்களா?” என்று கேட்டாள். விக்டோரியா பையை எடுத்துக்கொண்டு கிளம்பியிருந்தாள்.

“இது என்ன சார், கடிதமா?”

“கம்ப்யூட்டர்ல இருந்தது. வீட்டுக் கம்ப்யூட்டர்ல ஒரு புரோகிராம் வச்சிருக்கான். செத்த அண்ணன் மாதிரியே அது பதில் எழுதும். அதுகிட்டப் பேசிட்டு இருந்தவன் வாயில உண்மை வந்துருச்சு. கார்த்திகேஷ் சம்சாரம் காவ்யஸ்ரீ பார்த்துட்டு, போன்ல படம் எடுத்து பிரிண்ட் போட்டுக் கொண்டாந்து குடுத்துச்சு.”

தாளில் இருந்தது இவ்வளவுதான்:

*சாய்:* உங்கள யாராச்சும் தள்ளி விட்டாங்களா

*கார்த்தி:* ஆம். என்னை ஒருவர் பின்னாலிருந்து தள்ளினார்.

*சாய்:* யாரு

*கார்த்தி:* அது யார் என்று உனக்கே தெரியும், சாய்.

*சாய்:* நான்தான் தள்ளினேன், அண்ணா. தெப்பக்குளத்தின் படியில் நீ நின்றுகொண்டிருந்தாய். என் உள்ளத்தில் பொறாமைத் தீ எரிந்தது. இரு கைகளாலும் உன்னைத் தள்ளினேன். அலைகள் உன்னை இழுத்துச் சென்றன.

விக்டோரியா பைக்குள்ளிருந்து பென்சிலை எடுத்தாள். முதல் வரியில் ஒரு சொல்லைச் சுற்றி வட்டம் போட்டாள். கடைசி வரியில் ஒரு சொல்லுக்கு அடிக்கோடு போட்டாள்.

“சார், தெப்பக்குளத்துல அலை ஏது?”

“வர்ணிச்சிருப்பான்.”

“கொலையை ஒத்துக்கிறவன் வர்ணிச்சா எழுதுவான்?”

“வைகையிலேயே நான் அலையைப் பார்த்ததில்ல. அதுல தண்ணியப் பார்த்தாலே போட்டோ எடுத்து வச்சுக்கிறோம்” என்றார் கருத்தக்கண்ணன்.

ஆசீர்வாதம் அவரைக் கண்டுகொள்ளவில்லை. “டீச்சர், இது விபத்துன்னு நானே மூட இருந்த ஃபைல். உடம்புல காயம் இல்ல. நுரையீரல்ல தண்ணி. செருப்பு ரெண்டும் படியில ஜோடியாக் கிடந்துச்சு. கால் கழுவ இறங்கி வழுக்கியிருப்பார்னு எழுதியாச்சு. அப்பத்தான் இந்தத் தாளு வருது. அவன்கிட்டக் காட்டி, நீ எழுதினதான்னு கேட்டேன். இருக்கலாம்ங்கிறான். இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னா நானும் யோசிப்பேன். சொல்ல மாட்டேங்கிறான்.”

“நான் பார்க்கலாமா?”

“பாருங்க. உங்ககிட்டயும் அதையேதான் சொல்லுவான்.”

* * *

பின்னறையில் சாய்பிரசாத் தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முப்பது வயதைத் தாண்டியவன். டவுன்ஹால் ரோட்டில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் வேலை. பக்கத்தில் வைத்திருந்த இட்லிப் பொட்டலம் பிரிக்கப்படாமல் கிடந்தது. அடித்த மாதிரித் தெரியவில்லை. அடித்திருந்தாலும் அவன் கவனித்திருப்பானா என்று விக்டோரியாவுக்குத் தோன்றியது.

அவளும் தரையில் உட்கார்ந்தாள்.

“அண்ணனைப் பத்தி எதுவும் கேக்கப் போறதில்ல சாய். கம்ப்யூட்டரைப் பத்திச் சொல்லுங்க.”

அவன் தலையைத் தூக்கினான். கடைக்கு வரும் வாடிக்கையாளரிடம் சொல்வது போல ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னான்.

“பழைய மெஷின்தான். கடைக்கு வர்ற பழசுல இருந்து ஒவ்வொண்ணா எடுத்துச் சேர்த்தது. பெரிய ஏ.ஐ. மாடல் எல்லாம் அதுல ஓடாது. அதுக்கு ஒரு ரூம் நிறைய மெஷின் வேணும். இது பெரிய மாடலை அமுக்கிச் சின்னதாக்கினது. நெட்ல சும்மாவே கிடைக்கும். நடிச்சுப் பேசுறதுக்குன்னே பழக்குனது.”

“நடிச்சுன்னா?”

“யாரா நடிக்கணும்னு முதல்ல நாலு வரி எழுதிக் குடுக்கணும். பேரு, வயசு, எப்படிப் பேசுவான், எங்க இருக்கான். அப்புறம் அந்த ஆளாவே பேசும். நெட்டும் வேணாம். வீட்டை விட்டு எதுவும் வெளிய போகாது.”

“கார்த்தியாவே பேசுச்சா?”

“இல்ல.” அவன் தலையை ஆட்டினான். “வீட்ல நாங்க சௌராஷ்டிரம்தான் பேசுவோம். அந்தப் பாஷை அதுக்குத் தெரியல. தமிழ்லதான் பேசுச்சு. கார்த்தி என்கிட்டத் தமிழ்ல பேசுனதே கிடையாது. ரெண்டு நாள் பார்த்தேன். யாரோ வெளியாள் வீட்டுக்குள்ள வந்து உக்காந்த மாதிரி இருந்துச்சு. அப்புறம் நான் அது பக்கம் போகல.”

“பிறகு ஏன் ஆஃப் பண்ணல?”

அவன் சுவரைப் பார்த்தான்.

“எங்க வீட்ல ஃபேனை ஆஃப் பண்ண மறந்தாலே கொலை விழும்” என்ற கருத்தக்கண்ணன், சொன்ன பிறகுதான் இடத்தை உணர்ந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். சாய்பிரசாத்தின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அது கேட்காதது போலவும் இல்லை. கேட்டு, எங்கும் போய்ச் சேராதது போல இருந்தது.

விக்டோரியா தொடர்ந்தாள். “அமுக்கினதுன்னு சொன்னீங்களே, அப்படி அமுக்குனா எது குறையும்?”

“ஞாபகம் கம்மி. கொஞ்ச நேரம் பேசுனா முன்னாடி சொன்னது மறந்துரும். எதைக் கேட்டாலும் ஆமாங்கும். நாம என்ன எதிர்பார்க்கிறோமோ அதைச் சொல்லும். அப்புறம், எங்க நிறுத்தணும்னு தெரியாது அதுக்கு. ஒரு செட்டிங் மாத்தணும். நான் மாத்தல.”

“நிறுத்தத் தெரியாதுன்னா, எப்படி?”

“தலை வலிக்குது டீச்சர்.”

“ஒண்ணே ஒண்ணு. அண்ணனை எப்படிக் கூப்பிடுவீங்க?”

“கார்த்தி. வாடா போடாதான். ஒரு வயசுதான் வித்தியாசம்.”

விக்டோரியா எழுந்தாள். வெளியே வந்ததும் கருத்தக்கண்ணன் கிசுகிசுத்தார். “டீச்சரம்மா, இவன் எதையோ மறைக்கிறான். ஆனா தனக்காக மறைக்கிற மாதிரித் தெரியல. டிக்கெட் எடுக்காதவன் முழி வேற, பக்கத்துல இருக்கவன் எடுக்கலைன்னு தெரிஞ்சவன் முழி வேற. இது ரெண்டாவது.”

“தெரியுதுண்ணே.”

அவள் நேராக இன்ஸ்பெக்டரிடம் போனாள்.

“சார், அந்தக் கம்ப்யூட்டர் இப்ப எங்க இருக்கு?”

“வில்லாபுரத்துல, அவங்க வீட்லதான். நாளைக்குத்தான் சைபர் பிரிவுல இருந்து வந்து எடுப்பாங்க.”

“இப்பவே எங்க கூட வாங்க. நான் அதுல ஒரு எழுத்தும் தட்ட மாட்டேன். நீங்களே பாருங்க. நான் சொல்றது தப்புன்னா, சாயங்காலம் நானே உங்க ஜீப்புல அவர் பக்கத்துல உக்காந்து கோர்ட்டு வரைக்கும் வாரேன்.”

ஆசீர்வாதம் கடிகாரத்தைப் பார்த்தார். தொப்பியை எடுத்தார்.

* * *

காவ்யஸ்ரீ கதவைத் திறந்தாள். இன்ஸ்பெக்டரைப் பார்த்து ஒதுங்கி நின்றாள். எதற்கு வந்தீர்கள் என்று கேட்கவில்லை. தலை வாரியிருந்தாள்; ஆனால் பின்னலைப் பாதியிலேயே விட்டிருந்தாள்.

கம்ப்யூட்டர் சாய்பிரசாத்தின் அறையில் இருந்தது. பெட்டியின் பக்கவாட்டுத் தகடு கழற்றப்பட்டு, சூடு தணிய எதிரே ஒரு டேபிள் ஃபேன் வைக்கப்பட்டிருந்தது. திரையில் தாளில் இருந்த அதே வரிகள் அப்படியே நின்றன.

“ஆஃப் பண்ணவே இல்லையா?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“இல்ல சார். நீங்க தொடக் கூடாதுன்னீங்க” என்றாள் காவ்யஸ்ரீ.

விக்டோரியா நாற்காலியை இழுத்துப் போட்டாள். “உக்காருங்க சார். ஒரு கேள்வியை டைப் பண்ணுங்க. எதை வேணாலும் கேளுங்க. என்டரைத் தட்டிட்டுக் கையை எடுத்துருங்க.”

“எனக்குத் தமிழ் டைப்பிங் போன்லயே தகராறு.”

“எந்திரிங்க சார்” என்று கருத்தக்கண்ணன் நாற்காலியைப் பிடித்தார். “நமக்கு ஒரு கேஸு ரொம்ப நாளா நிலுவையில கிடக்கு.”

ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார். அவர் தட்டியது திரையில் சாயின் பேருக்குப் பக்கத்தில் வந்தது.

“என்ன சார், என்னையும் சாய்ங்குது?”

“அந்த மெஷின்ல யார் உக்காந்தாலும் சாய்தான். பேரை முன்னாடியே எழுதி வச்சிருக்கார்” என்றாள் விக்டோரியா. “தட்டுங்கண்ணே.”

*சாய்:* வண்டியூர் டிரிப்புல என் டிபன் கேரியர அடிச்சிட்டுப் போனது யாரு

அவர் என்டரைத் தட்டிவிட்டு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார். பெட்டிக்குள் விசிறி இரைந்தது. சிறிது நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கஷ்டப்பட்டு எழுத்துக் கூட்டுவதைப் போல ஒவ்வொரு சொல்லாக வந்தது.

*கார்த்தி:* அது ஒரு பழைய கதை, சாய். அந்தக் கேரியரை எடுத்தவர் யார் என்று உனக்கே தெரியும்.

திரை அதோடு நிற்கவில்லை. யாரும் எதையும் தொடவில்லை. அடுத்த வரி தானாகவே தொடங்கியது.

*சாய்:* நான்தான் எடுத்தேன், அண்ணா. என் உள்ளத்தில் பொறாமைத் தீ எரிந்தது. பேருந்தின் கடைசி இருக்கையில் அமர்ந்து அந்தச் சோற்றை உண்டேன். என் கண்ணீர் அலைகளாகப் பெருகியது.

கருத்தக்கண்ணன் தூக்கிய கையை இறக்கவில்லை. “சார், என் கை மேல இருக்கு. சாட்சிக்கு நீங்க இருக்கீங்க.” திரையை இன்னொரு முறை படித்தார். “கேஸு முடிஞ்சிருச்சு. குற்றவாளி தானா முன்வந்து ஒத்துக்கிட்டான். என்ன, அந்த டிரிப் போனப்ப சாய் தம்பி அரை டிக்கெட்டு. அந்தக் கேரியரைத் தூக்கவே அவனுக்குத் தெம்பு இருந்திருக்காது.”

ஆசீர்வாதத்தின் வாயோரம் லேசாக அசைந்தது. பிறகு அவர் மறுபடியும் தாளை எடுத்தார். படித்தார். திரையைப் பார்த்தார். பொறாமைத் தீ அங்கேயும் இருந்தது, இங்கேயும் இருந்தது.

“நிறுத்தத் தெரியாதுன்னு சாய் சொன்னது இதைத்தான் சார்” என்றாள் விக்டோரியா. “தன் பங்கைச் சொல்லிட்டு நிக்காது. எதிராளி பங்கையும் அதுவே எழுதிரும். நீங்க ‘யாரு’ன்னு கேட்டா, அதுக்குத் தெரிஞ்சது ரெண்டே பேரு. கார்த்தி, சாய். ஒருத்தர் செத்தவர். குத்தம் பண்ண மிச்சம் இருக்கிறது ஒருத்தர். வேற யாரை அது சொல்லும்?”

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“இதை ஏன் அந்தப் பய நேத்தே சொல்லல?”

“அதைத்தான் நானும் யோசிக்கிறேன்.”

அறை வாசலில் காவ்யஸ்ரீ நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரையில் வந்த எல்லாவற்றையும் அவள் படித்திருந்தாள்.

ஆசீர்வாதம் தாளில் விரலை வைத்தார். “கடைசி வரி மெஷினோடது. சரி. முதல் வரி? யாராச்சும் தள்ளி விட்டாங்களான்னு பேச்சுத் தமிழ்ல இருக்கே. இது மனுஷன் கேட்டது. தள்ளினவனா இருந்தா ஏன் இதைக் கேக்கணும்? தள்ளாதவனா இருந்தாலும்…” முடிக்காமல் விக்டோரியாவைப் பார்த்தார்.

“சார், முனையில ஒரு டீக்கடை பார்த்தேன். அண்ணனோட போய்ட்டு வாங்களேன்.”

கருத்தக்கண்ணன் உடனே எழுந்துவிட்டார். “வாங்க சார். டீ சூடா இருக்கும். மத்ததுக்கு நான் பொறுப்பில்ல.”

* * *

அவர்களுடைய காலடிச் சத்தம் படியிறங்கிப் போனது. பிறகு விக்டோரியா தாளை காவ்யஸ்ரீயிடம் நீட்டினாள். பென்சில் வட்டத்துக்குள் இருந்தது ‘உங்கள’ என்ற சொல்.

“சாய் தன் அண்ணனை உங்களன்னு சொல்ல மாட்டார். வாடா போடான்னார். உங்க மாமியார் பெத்த பிள்ளையை உங்களன்னு கேக்க மாட்டாங்க. இந்த வீட்ல கார்த்திகேஷை மரியாதையாப் பேசுறது ஒரே ஆளு.”

காவ்யஸ்ரீ தாளை வாங்கவில்லை. வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

“திரையை மேல தள்ளிப் பாருங்க டீச்சர். நான் பிரிண்ட் போட்டது கடைசித் துண்டுதான்.”

விக்டோரியா மேலே தள்ளிக்கொண்டே போனாள். பல நாள் பேச்சு அங்கே இருந்தது. சாப்பிட்டீங்களா. மழை வருது. மாத்திரை போட்டீங்களா. இன்னைக்கு உங்க சட்டையைத் துவைச்சேன், துவைக்காம வச்சிருந்திருக்கலாம். எல்லாம் சாய் பேரில். ஒவ்வொன்றுக்கும் கார்த்தி பதில் சொல்லியிருந்தான். சாப்பிட்டேன், சாய். மழை அழகாக இருக்கிறது, சாய். போட்டேன், சாய்.

“உங்களைச் சாய்னே கூப்பிட்டிருக்கே.”

“மாத்தப் பார்த்தேன். எங்க மாத்துறதுன்னு தெரியல. சாய்கிட்டக் கேக்க வெக்கமா இருந்துச்சு. அப்புறம் பழகிருச்சு. அவர் பேருக்குப் பக்கத்துல இருந்து பதில் வர்றப்ப, யார் பேரைச் சொன்னா என்ன.”

தாளில் இருந்த வரிகளுக்குச் சற்று மேலே விக்டோரியா நிறுத்தினாள்.

*சாய்:* நீங்க வழுக்கித்தான விழுந்தீங்க

*கார்த்தி:* ஆம், சாய். படி ஈரமாக இருந்தது. கால் வழுக்கிவிட்டது.

*சாய்:* பொய் சொல்றீங்க. நீங்களாக் குதிச்சீங்களா

*கார்த்தி:* ஆம். என்னை மன்னித்துவிடு. என்னால் தாங்க முடியவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்த மூன்றாவது கேள்வி. அதற்கும் ஆம்.

விக்டோரியா கண்ணாடியைக் கழற்றினாள். எத்தனையோ விடைத்தாள்களில் தப்பான பதில்களைப் பார்த்திருக்கிறாள். கேட்ட ஒவ்வொன்றுக்கும் சரி என்று போட்ட தாளை இப்போதுதான் பார்க்கிறாள்.

“மூணுக்கும் ஆமான்னு சொல்லியிருக்கே, காவ்யா.”

“ஆமா.”

“இருந்தும் கடைசியை மட்டும் எடுத்துட்டுப் போனீங்க.”

அவள் பாதிப் பின்னலை முன்னால் போட்டுக்கொண்டு நுனியைப் பார்த்தாள். “நான் ‘யாரு’ன்னு கேட்டேன். சாய் பேர்ல வரி தானா வந்துச்சு டீச்சர். என் கை மடியில இருந்துச்சு. சாய் முன்னாடியே அதுகிட்டச் சொல்லி வச்சிருக்கார், அது இப்ப வெளிய விடுதுன்னு நினைச்சேன்.”

“நினைச்சீங்களா? நினைக்கணும்னு இருந்துச்சா?”

ஃபேன் திரும்பும்போதெல்லாம் ஜன்னல் திரைச்சீலை எழும்பி விழுந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள்.

“மூணுல அதுதான் எனக்குத் தாங்குற மாதிரி இருந்துச்சு. வழுக்கி விழுந்தார்னா, அன்னைக்கு என்னையும் வான்னு கூப்பிட்டார், நான் போகலைங்கிறது மனசுல நிக்குது. செருப்பைக் கழட்டி ஜோடியா வச்சிருந்தாராமே. கால் கழுவுறவனும் அப்படித்தான் வைப்பான், குதிக்கிறவனும் அப்படித்தான் வைப்பான். குதிச்சார்னா… யாரோ தள்ளுனாங்கன்னா, அவர் என்னை விட்டுட்டுப் போகலன்னு ஆயிருதுல்ல.”

“அதுக்காக சாயைக் குடுத்துட்டீங்க.”

“அந்த நேரத்துல சாய் ஒரு ஆள்னே தோணல டீச்சர். ஒரு பேரு. அம்புட்டுதான்.” அவள் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள். “எனக்கு என்னமோ ஆயிருச்சு. எதைத் தொட்டாலும் துணிக்கு மேல தொடுற மாதிரியே இருக்கு.”

“ஸ்டேஷன்ல வந்து இதையெல்லாம் சொல்வீங்களா? அதுகிட்டப் பேசுனது நீங்கதான்னு?”

“அத்தை இருப்பாங்களா?”

“இருப்பாங்க.”

காவ்யஸ்ரீ எழுந்தாள். பின்னலை முழுதாகப் போட்டுக்கொண்டாள். அதற்கு நேரம் ஆனது. விக்டோரியா காத்திருந்தாள்.

* * *

“இதை நான் எப்படிம்மா எழுதுறது?” என்றார் ஆசீர்வாதம். மாலை வெயில் மேஜை வரை வந்திருந்தது.

“நான் கேட்டேன். அது ஆமான்னுச்சு. அப்படியே எழுதுங்க சார். மத்த ரெண்டுக்கும் ஆமான்னதையும் எழுதுங்க” என்றாள் காவ்யஸ்ரீ.

பெஞ்சிலிருந்து சாரதாம்பாள் எல்லாவற்றையும் கேட்டாள். மருமகளைத் திட்டவில்லை. தன் மகன் சாகவில்லை என்பது போலத் தினமும் பக்கத்து அறையில் ஒருத்தி பேசிக்கொண்டிருந்தாள் என்பது அவளுக்கு இப்போதுதான் தெரிகிறது. “என்னைக் கூப்பிட்டிருக்கலாம்ல” என்று மட்டும் சொன்னாள்.

காவ்யஸ்ரீ கையெழுத்துப் போட்டாள். இன்ஸ்பெக்டர் பின்னறைப் பக்கம் குரல் கொடுத்தார்.

சாய்பிரசாத் வெளியே வந்தான். கையில் பிரிக்காத இட்லிப் பொட்டலம் அப்படியே இருந்தது. அண்ணியைப் பார்த்ததும் நின்றான்.

“நான்தான் உங்களைப் பிடிச்சுக் குடுத்தேன்” என்றாள் அவள்.

“தெரியும் அண்ணி.”

“அதுகிட்டப் பேசுனதும் நான்தான்.”

“அதுவும் தெரியும்.”

“அப்ப நேத்தே ஏன் சொல்லல?” இதைக் கேட்டது விக்டோரியா. “ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ராத்திரி வீட்ல படுத்திருப்பீங்க.”

“நான் கடைக்குப் போனப்புறம் மத்தியானம் அவங்க உக்காருறது தெரியும் டீச்சர். வந்து பார்த்தா ரெண்டு வரி கூடியிருக்கும். அதான் ஆஃப் பண்ணாமப் போவேன்.” அவன் பொட்டலத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். “சொன்னா, அவங்க என்ன பேசுனாங்கன்னு நீங்க எல்லாரும் படிப்பீங்கள்ல. அதுல சட்டையப் பத்தி எல்லாம் இருக்கு.”

கருத்தக்கண்ணன் தொண்டையைச் செருமினார். ஏதோ சொல்லப் போகிறார் என்று விக்டோரியா நினைத்தாள். அவர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆட்டோ பிடிக்கப் போகிறேன் என்று வெளியே போய்விட்டார்.

சாய்பிரசாத்துக்கு அப்போதும் கோபம் வரவில்லை. வந்தால் நல்லது என்று விக்டோரியாவுக்குத் தோன்றியது. வெளியே அவன் அம்மாவின் கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினான். பிறகு அவனும் ஏறி உட்கார்ந்து, ஓரத்தில் அண்ணிக்கு இடம் விட்டான்.

காவ்யஸ்ரீ ஏறாமல் திரும்பி வந்தாள்.

“டீச்சர், அப்ப அவருக்கு என்னதான் ஆச்சு?”

“தெரியாதும்மா.”

“நீங்க கண்டுபிடிக்க மாட்டீங்களா?”

“முடியாது. அந்தப் படியில பார்த்தவங்கன்னு ஒருத்தரும் இல்ல. இருந்தா சார் விட்டிருக்க மாட்டார். நான் ஏதாச்சும் ஒண்ணு சொல்லலாம். சொன்னா அது நானாச் சொன்னதாத்தான் இருக்கும்.”

காவ்யஸ்ரீ அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் ஏமாற்றம் வரும் என்று விக்டோரியா எதிர்பார்த்தாள். வரவில்லை.

“மூணு வாரமா எல்லாரும் ஆளுக்கு ஒண்ணு சொல்லிட்டாங்க. அதுவும் சொல்லுச்சு. தெரியாதுன்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான்.”

ஆட்டோக்காரர் ஹாரனை லேசாகத் தட்டினார். அவள் போய் ஏறிக்கொண்டாள்.

“வில்லாபுரம்தானம்மா? தெப்பக்குளம் வழியாப் போனா கிட்ட. வேணாம்னா சுத்திக்கூடப் போயிரலாம்” என்றார் அவர். விஷயம் தெரிந்தவர் போல.

சாரதாம்பாள் மருமகளைப் பார்த்தாள்.

“தெப்பக்குளம் வழியாவே போங்கண்ணே” என்றாள் காவ்யஸ்ரீ. “அந்தப் படிக்கிட்ட கொஞ்சம் நிறுத்துங்க. நான் இன்னும் அங்க போகவே இல்ல.”